பென்சீன் வளையத்துக்குள் கோடா, வட்டமா?

போன வருடம் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷனில் ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். நாப்தலீனில் எத்தனை பை எலக்ட்ரான்கள் (இரட்டைப் பிணைப்பின் இரண்டாவது கோட்டுக்குரியவை) என்று ஒரு கேள்வி. விடை 10. பாதிப் பேர் 12 என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தியைக் கூப்பிட்டு, இது எப்படி வந்தது என்றேன். "நீங்கதானே சார் சொன்னீங்க, வளையத்துக்குள்ள வட்டம் போட்டா ஆறு எலக்ட்ரான்னு. இங்க ரெண்டு வட்டம் இருக்கே" என்றாள். திரும்பிப் பலகையைப் பார்த்தேன். ஒட்டிய இரண்டு அறுகோணங்கள், இரண்டுக்குள்ளும் வட்டம். வரைந்தவன் நான். அவளுக்கு மதிப்பெண் குறைக்க மனம் வரவில்லை.

இந்த வருடம் அரோமேட்டிக் சேர்மங்களுக்கு, அதாவது பென்சீன் குடும்பத்து வளையச் சேர்மங்களுக்கு, புதிதாகக் குறிப்பு எழுதுகிறேன். முதல் பக்கத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது: பென்சீனை எப்படி வரைவது? வழக்கத்தில் மூன்று படங்கள் உண்டு. அறுகோணத்துக்குள் ஒன்று விட்டு ஒன்றாக இரட்டைக் கோடு போடும் கெக்குலே படம். அதையே இரண்டு விதமாக வரைந்து நடுவில் இருமுனை அம்பு போடும் உடனிசைவுப் படம். அறுகோணத்துக்குள் ஒரே ஒரு வட்டம் போடும் படம். பல புத்தகங்கள் மூன்றையும் கலந்துதான் போடுகின்றன. ஏன் இந்தப் பக்கத்தில் கோடு, அடுத்த பக்கத்தில் வட்டம் என்று ஒரு வரி விளக்கம் இருக்காது. என்னைப் போலவே குறிப்பு எழுதுகிறவர்களுக்கும், எதை வரைவது என்று குழம்பும் மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று நான் யோசித்த வழியை எழுதுகிறேன்.

வெறும் சூத்திரத்தை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன் என்று எண்ணிக்கையைச் சொல்லும், அவ்வளவுதான். 1825-இல் மைக்கேல் ஃபாரடே விளக்கு வாயுக் கலன்களின் அடியில் தேங்கிய எண்ணெயிலிருந்து பென்சீனைப் பிரித்தெடுத்தார். அதன் உள்ளமைப்புக்கு ஒரு நல்ல படம் கிடைக்க அதற்குப் பிறகு 40 வருடம் ஆனது. எண்ணிக்கை தெரிந்தாலும் அமைப்பு தெரியாது என்பதற்கு அந்த இடைவெளியே போதும்.

சரி, மூன்று படங்களுக்கு வருவோம். அதற்கு முன் ஒரு சின்ன விலகல். குறிகள் எப்படிப் பொருள் தருகின்றன என்று வாழ்நாள் முழுக்க யோசித்த அமெரிக்கத் தத்துவவாதி சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ், 1863-இல் ஹார்வர்டில் வேதியியல் பட்டம் வாங்கியவர். அவர் குறிகளை மூன்றாகப் பிரித்தார். பொருளின் சாயலைக் கொண்ட குறி ஒன்று, ஊர் வரைபடம் மாதிரி. பொருளால் நேரடியாக உண்டான தடயம் இன்னொன்று, நெருப்புக்குப் புகை மாதிரி. மூன்றாவது, நாமெல்லாம் ஒப்புக்கொண்டதால் மட்டும் பொருள் பெறும் குறி, சொற்களும் எழுத்துகளும் மாதிரி.

பென்சீன் படத்தின் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அறுகோணம் ஒரு சாயல். அந்த மூலக்கூறு நிஜமாகவே தட்டையான அறுகோணம். உள்ளே நாம் போடும் கோடும் வட்டமும் ஒப்பந்தம். ஆனால் இரண்டையும் ஒரே பேனாவால், ஒரே தடிமனில் வரைகிறோம். எதை அப்படியே நம்பலாம், எதைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டும் என்று படம் சொல்வதில்லை. பிள்ளைகள் எல்லாவற்றையும் சாயலாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பென்சீனை உற்றுப் பார்த்தால் உள்ளே வட்டம் தெரியுமா என்று ஒரு பையன் என்னிடம் கேட்டிருக்கிறான்.

முதலில் கெக்குலே படம். இதற்கு வயது அதிகம், அடிபட்ட அனுபவமும் அதிகம். 1865-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆகஸ்ட் கெக்குலே முதன்முதலாக வெளியிட்டபோது அது இன்றைய அறுகோணமாக இல்லை; அணுக்களை நீள நீளமான உருளைகளாக வரைந்திருந்தார். பாம்பு தன் வாலைக் கவ்வுவதைக் கனவில் கண்டுதான் வளையம் தோன்றியது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அதை அவர் சொன்னது 25 வருடம் கழித்து, 1890-இல் பெர்லினில் நடந்த பாராட்டு விழாவில். கதையை விடுங்கள். அந்தப் படத்துக்கு வந்த முதல் பெரிய எதிர்ப்புதான் இங்கே முக்கியம், அதைக் கிளப்பியவர் அவரிடம் பணியாற்றிய ஆல்பர்ட் லாடன்பர்க்.

எதிர்ப்பு எளிமையானது. வளையத்தில் ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருகிறது என்றால், அடுத்தடுத்த இரண்டு கார்பன்களில் இரண்டு குளோரின்களை வைக்கும்போது இரண்டு தனித்தனிச் சேர்மங்கள் கிடைக்க வேண்டும். ஒன்றில் அந்த இரு கார்பன்களுக்கு இடையே இரட்டைக் கோடு, மற்றதில் ஒற்றைக் கோடு. ஆய்வகத்திலோ ஒன்றுதான் கிடைத்தது. கெக்குலே 1872-இல் பதில் சொன்னார்: பிணைப்புகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. படத்தைக் காப்பாற்ற மூலக்கூறை ஆடவிட்டார் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. லாடன்பர்க் தன் பங்குக்கு 1869-இல் ஆறு கார்பன்களையும் ஒரு முக்கோணப் பட்டகத்தின் முனைகளில் வைத்தார். அதில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. மாற்றியங்களின் (ஒரே சூத்திரம், வேறு அமைப்புள்ள சேர்மங்களின்) எண்ணிக்கையும் சரியாக வந்தது. பென்சீனுக்கு அது பொருந்தாது என்று பிறகு தெரிந்தது. ஆனால் 1973-இல் அந்தப் பட்டகத்தையே ஒரு தனி மூலக்கூறாகத் தயாரித்தார்கள், பெயர் பிரிஸ்மேன். பென்சீனுக்கென்று வரைந்த தவறான படம் நூறு வருடம் காத்திருந்து வேறொரு பொருளுக்குச் சரியான படமானது. இந்தக் கதையைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

கெக்குலே படத்தை இன்று வகுப்பில் போடும்போது வரும் பொய்கள் இரண்டு. முதலாவது, பிணைப்புகளின் நீளம். சாதாரண கார்பன் ஒற்றைப் பிணைப்பு 154 பிகோமீட்டர், இரட்டைப் பிணைப்பு 134. படத்தை நம்பினால் பென்சீன் ஒரு கோணல் அறுகோணமாக இருக்க வேண்டும். அளந்து பார்த்தால் ஆறும் ஒன்றுபோல் சுமார் 139. வளையம் தட்டையானது என்பதை 1929-இல் கேத்லீன் லான்ஸ்டேல் எக்ஸ் கதிர் கொண்டு ஹெக்சாமெத்தில்பென்சீன் படிகத்தில் காட்டினார். இரண்டாவது பொய், வினைத்திறன். இரட்டைப் பிணைப்பைக் கண்டால் புரோமின் நீரின் நிறம் போகும் என்று முந்தைய பாடத்தில்தான் சொல்லிக்கொடுத்திருப்போம். மூன்று இரட்டைப் பிணைப்புகளை வரைந்து காட்டிவிட்டு, இது நிறத்தைப் போக்காது என்றால் பிள்ளை எதை நம்புவது? ஆற்றலும் அதையே சொல்கிறது. சைக்ளோஹெக்சீனுக்கு ஹைட்ரஜனேற்றம் செய்தால் மோலுக்கு சுமார் 120 கிலோஜூல் வெளிப்படும். மூன்று மடங்கு 360. பென்சீனில் வருவது 208தான். மீதி சுமார் 150-ஐ அந்தப் படம் எங்கேயும் காட்டவில்லை.

(ஒரு எச்சரிக்கை: இதை வகுப்பில் செய்து காட்ட ஆசைப்பட்டால் பென்சீனைத் தொடாதீர்கள், அது இரத்தப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. நல்ல காற்றோட்டமுள்ள ஆய்வகத்தில் டொலுவீனை வைத்துக் காட்டலாம்.)

இவ்வளவு குறை இருந்தும் இந்தப் படம் ஏன் சாகவில்லை? காரணம் ஒன்றே ஒன்று, அதில் கணக்குப் போடலாம். ஒரு கோடு என்றால் இரண்டு எலக்ட்ரான். ஒவ்வொரு கார்பனிலும் நான்கு கோடுகள் இருக்கின்றனவா என்று எண்ணிச் சரிபார்க்கலாம். வினைவழிமுறை எழுதும்போது எலக்ட்ரான்கள் எங்கே நகர்கின்றன என்று காட்ட வளைந்த அம்பு ஒன்று போடுகிறோமே, அது எங்கிருந்தாவது கிளம்ப வேண்டும். கோடு இருந்தால்தான் அம்பு கிளம்பும்.

ஃபீனாலை எடுத்துக்கொள்ளுங்கள், பென்சீன் வளையத்தில் ஒரு OH ஒட்டியது. ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் இணை வளையத்துக்குள் இறங்குகிறது. ஓர் இரட்டைக் கோடு உடைந்து பக்கத்துக் கார்பனுக்குப் போகிறது. அங்கே எதிர்மின்சுமை. இன்னும் ஓர் அம்பு, சுமை இரண்டு கார்பன் தள்ளி உட்காருகிறது. நான்கைந்து படம் வரைந்து முடித்தால் ஆர்த்தோ (பக்கத்து), பாரா (நேரெதிர்) இடங்களில் மட்டும் எதிர்மின்சுமை நிற்பது கண்ணெதிரே தெரிகிறது. ஃபீனாலில் புரோமின் நீரை ஊற்றியதும் 2, 4, 6 ஆகிய மூன்று இடங்களிலும் புரோமின் ஏறி வெள்ளை வீழ்படிவு வருவது ஏன் என்பதற்கு அந்தப் படங்களே விளக்கம். மனப்பாடம் வேண்டியதில்லை. இதே வேலையை வட்டத்தை வைத்துச் செய்து பாருங்கள். ஆக்சிஜனிலிருந்து ஓர் அம்பு உள்ளே போகும். அப்புறம்? வட்டம் எங்கே உடையும்? சுமை எங்கே நிற்கும்? ஒன்றும் வரையமுடியாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வளைந்த அம்பையும் இந்த வட்டத்தையும் கொண்டுவந்தவர் ஒரே ஆள், ராபர்ட் ராபின்சன். 1922-இல் கெர்மாக்குடன் சேர்ந்து வளைந்த அம்புகளைப் பயன்படுத்தினார். மூன்றே வருடம் கழித்து, 1925-இல், ஆர்மிட்டுடன் எழுதிய கட்டுரையில் அறுகோணத்துக்குள் வட்டத்தைப் போட்டார். ஒரே கை செய்த இரண்டு குறிகள் ஒரு பக்கத்தில் சேர்ந்து வாழ மறுக்கின்றன. கெக்குலேக்கும் முன்பே, 1861-இல், ஜோசஃப் லோஷ்மிட் பென்சீன் கருவை ஒரு பெரிய வட்டமாக வரைந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவருடைய வட்டத்துக்கு அர்த்தம் வேறு: உள்ளே எப்படி இருக்கிறதென்று இப்போதைக்கு முடிவு செய்யவில்லை என்பது. ராபின்சன் வட்டத்துக்கு அர்த்தம் திட்டவட்டமானது: ஆறு எலக்ட்ரான்கள் சேர்ந்த ஒரு கூட்டம். உருவம் ஒன்று, பொருள் இரண்டு.

வட்டத்தின் பலம் பென்சீனில் பளிச்சென்று தெரியும். ஆறு பிணைப்பும் சமம், எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை, இது சாதாரண இரட்டைப் பிணைப்பு இல்லை என்கிற மூன்றையும் ஒரே வீச்சில் சொல்லிவிடுகிறது. லாடன்பர்க்கின் கேள்வியே எழாது. ஐந்து கார்பன் வளையத்துக்கும் நன்றாக ஒத்துழைக்கும்: 1951-இல் வெளிவந்த ஃபெரோசீன் மாதிரி, இரும்பை நடுவில் வைத்து மேலும் கீழும் வளையங்கள் மூடும் சேர்மங்களைக் கோடு போட்டு வரைவது எரிச்சலான வேலை. அங்கே வட்டம்தான் வசதி.

பலவீனம், பென்சீனைத் தாண்டியதும். நாப்தலீனில் என் மாணவி மாட்டிக்கொண்டது அதனால்தான். இரண்டு வளையங்களுக்கும் ஒரு பக்கம் பொது. 10 எலக்ட்ரான்களை ஆறு ஆறாகப் பங்குபோட முடியாது. கூட்டல் தவறுவதோடு இன்னொன்றும் தொலைகிறது. வட்டம் போட்டால் எல்லாப் பிணைப்பும் சமம் என்று கண் எடுத்துக்கொள்கிறது. நாப்தலீனில் அப்படி இல்லை. 1, 2 கார்பன்களுக்கு இடையே சுமார் 137 பிகோமீட்டர், 2, 3-க்கு இடையே சுமார் 141. இதைக் கெக்குலே முறை முன்கூட்டியே சொல்லிவிடும். நாப்தலீனுக்கு மூன்று படங்கள் வரையலாம். அவற்றில் இரண்டில் 1, 2 பிணைப்பு இரட்டை, 2, 3 பிணைப்போ ஒன்றில் மட்டும். எண்ணத் தெரிந்த பிள்ளை எது குட்டை, எது நெட்டை என்று சொல்லிவிடும்.

வட்டத்துக்கு இன்னொரு கெட்ட பழக்கம், மாறி மாறி இரட்டைக் கோடு வந்தால் வட்டம் போடலாம் என்று பிள்ளைகள் அதை வெறும் சுருக்கெழுத்தாக்கிவிடுவார்கள். பிறகு நான்கு கார்பன் வளையத்திலும் வட்டம், எட்டுக் கார்பன் வளையத்திலும் வட்டம். 1911-இல் வில்ஸ்டாட்டர் தயாரித்த சைக்ளோஆக்டாடெட்ராயீன் சாதாரண ஆல்க்கீன் (இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்) போலத்தான் நடந்துகொள்கிறது, வளையம்கூடத் தட்டையாக இல்லை, தொட்டி மாதிரி வளைந்திருக்கிறது. நியாயமாகச் சொன்னால் இங்கே கோடும் குற்றவாளிதான். கோடுகளால் வரைந்தால் எட்டுக் கார்பன் வளையம் பென்சீனின் அண்ணன் மாதிரியே தெரியும். ஆறா எட்டா என்பதில் இருக்கும் வித்தியாசத்தைக் காட்ட ஹூக்கலின் விதி (தட்டையான வளையத்தில் 4n+2 பை எலக்ட்ரான்கள் இருந்தால்தான் அரோமேட்டிக்) வேண்டும். எந்தப் படமும் தனியாகக் காட்டாது.

வட்டத்தை ஒழுங்காகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. எரிக் கிளார் காட்டியது. ராபின்சன் சொன்ன பொருளை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்: ஒரு வட்டம் என்றால் அந்த வளையத்துக்கே சொந்தமான ஆறு எலக்ட்ரான், ஒட்டிய இரண்டு வளையங்களில் வட்டம் போடக் கூடாது. இதன்படி, மூன்று வளையங்கள் ஒட்டிய ஃபினாந்த்ரீனை வரைந்தால் இரண்டு ஓர வளையங்களிலும் வட்டம் வருகிறது, நடு வளையத்தில் ஒரே ஓர் இரட்டைக் கோடு மிஞ்சுகிறது. 12-உம் 2-உம் 14, கணக்குச் சரி. அந்த மிஞ்சிய கோட்டில்தான், 9, 10 கார்பன்களில், புரோமின் போய்ச் சேருகிறது, ஏதோ சாதாரண ஆல்க்கீன் கிடைத்தது போல. கெக்குலே முறையில் எண்ணினாலும் ஐந்து படங்களில் நான்கில் அந்தப் பிணைப்பு இரட்டையாகவே வரும். ஐந்து படம் சொல்வதைக் கிளார் ஒரே படத்தில் சொல்கிறார். எனக்கு மிகவும் பிடித்த குறியீடு இதுதான். பிளஸ் ஒன்னுக்கு இது கொஞ்சம் தூரம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது, இருமுனை அம்போடு இரண்டு கெக்குலே படங்கள். தாளில் பார்த்தால் இதுதான் நேர்மையான தேர்வு: கணக்குக்குக் கோடு இருக்கிறது, ஒரு படம் போதாது என்ற ஒப்புதலும் இருக்கிறது. வகுப்பில் நிலைமை வேறு. அம்பு என்றால் ஒன்று இன்னொன்றாக மாறுகிறது என்றுதான் அதுவரை சொல்லிக்கொடுத்திருக்கிறோம். சமநிலைக்கு எதிரெதிராக இரண்டு அம்பு, உடனிசைவுக்கு ஒரே அம்பில் இரண்டு முனை. ஒரு மயிரிழை வித்தியாசத்தில் இரண்டு குறிகள், ஆனால் பொருளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்: முன்னது நிஜ மாற்றம், பின்னது எப்போதும் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரே அமைப்பு. பென்சீன் இந்த நொடி இப்படி, அடுத்த நொடி அப்படி என்று பிள்ளைகள் எழுதுவது இதனால்தான். கெக்குலே 1872-இல் சொன்னதையே அவர்களும் தாங்களாகக் கண்டுபிடிக்கிறார்கள். கோவேறு கழுதை காலையில் குதிரையாகவும் மாலையில் கழுதையாகவும் இருப்பதில்லை என்ற பழைய வகுப்பறை உவமை ஓரளவு உதவுகிறது.

குழப்பத்தைக் கூட்டும் ஒரு சோதனையும் உண்டு. 1932-இல் லெவினும் கோலும் ஆர்த்தோ-சைலீனை ஓசோனால் உடைத்தார்கள். ஒரு கெக்குலே படம் மட்டும் உண்மை என்றால் மூன்று விளைபொருள்கள் சேர்ந்து வர வழியில்லை. ஆனால் கிளையாக்சால், மெத்தில்கிளையாக்சால், டைமெத்தில்கிளையாக்சால் என மூன்றும் வந்தன. அப்படியானால் ரெண்டும் கலந்துதானே சார் இருக்கு என்று கேட்பார்கள். உடைக்கும்போது கிடைக்கும் துண்டுகளை வைத்து, உடைக்கும் முன் பொருள் எப்படி இருந்தது என்று சொல்லிவிட முடியாது என்பதைப் புரியவைக்க எனக்கு ஒரு முழு வகுப்பு ஆகிறது.

படமே வேண்டாம், நிஜ உருவத்தையே காட்டிவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். 2009-இல் சூரிச்சில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தார், நுனியில் ஒற்றைக் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு ஒட்டிய ஊசியால் பென்டசீனைத் தடவி எடுத்த படத்தைத்தான் அவர் சொன்னார். வரிசையாக ஐந்து அறுகோணங்கள், நாம் நோட்டில் வரைவது போலவே. பார்க்கச் சிலிர்க்கும். பியர்ஸின் கணக்கில் அது தடயம். ஊசி உணர்ந்த விசையின் சுவடு. அறுகோணம் சாயல்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் அதில் அம்பு போட முடியாது. குறிப்பின் முதல் பக்கத்தில் அதை ஒட்டுவேன்; கணக்குப் போட அதை வைத்துக்கொள்ள மாட்டேன்.

கணினிக்காரர்களும் இதே சந்தியில் வந்து நின்றவர்கள்தான். மூலக்கூறை ஒரே வரி எழுத்தாக எழுதும் ஸ்மைல்ஸ் முறையில் பென்சீனை இரட்டைப் பிணைப்புக் குறி போட்டும் எழுதலாம், அல்லது கார்பனின் ஆங்கில எழுத்தைச் சிறிய எழுத்தாக மாற்றி அரோமேட்டிக் என்று உணர்த்தியும் எழுதலாம். பெரிய எழுத்து சிறிய எழுத்து இல்லாத நம் தமிழில் இந்த வித்தை நடக்காது. வரைபடங்களுக்காக, வேதியியல் பெயர்களுக்கும் குறிகளுக்கும் விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான ஐயூபாக் 2008-இல் வெளியிட்ட பரிந்துரைகளும் பொதுவாக மாறி மாறி வரும் கோடுகளையே விரும்புகின்றன.

என் முடிவு இதுதான். குறிப்பு முழுக்கக் கெக்குலே கோடுகள். ஆனால் முதல் இரண்டு பக்கங்கள் அந்தப் படத்தை நம்பாதே என்று சொல்வதற்கே: புரோமின் நீர், 139 பிகோமீட்டர், காணாமல் போன 150 கிலோஜூல். மூன்றாம் பக்கத்தில் வட்டத்தை அறிமுகம் செய்கிறேன், தனி வளையத்துக்கு மட்டும், ஆறு எலக்ட்ரான் என்ற பொருளோடு மட்டும். இருமுனை அம்பு ஒரே ஒரு தடவை வரும், சமநிலை அம்பை அதன் பக்கத்திலேயே வரைந்து. ஒப்பந்தத்தால் வரும் கோடுகளை வளையத்தை விட மெல்லியதாக அச்சிட முடியுமா என்று டிடிபி செய்யும் தம்பியிடம் கேட்டிருக்கிறேன். சிரித்தார், முயற்சி செய்கிறேன் என்றார்.

நீங்கள் பட்டப்படிப்புக்கு எழுதுகிறீர்கள் என்றால் தேர்வு மாறலாம். ஒட்டிய வளையங்கள் நிறைய வரும் இடத்தில் கிளார் முறையைத் தைரியமாகக் கொடுங்கள். கரிம உலோகச் சேர்மங்கள்தான் பாடம் என்றால் வட்டத்தோடே ஆரம்பியுங்கள்.

நாப்தலீன் பக்கத்தில் வட்டமே கிடையாது. மூன்று படங்களையும் வரைந்து, எந்தப் பிணைப்பு குட்டை என்று கேட்டு விட்டுவிட்டேன். தேர்வில் அந்தப் பை எலக்ட்ரான் கேள்வி மறுபடியும் வரும். கூடவே ஃபினாந்த்ரீனைக் கொடுத்து, எந்த வளையங்களில் வட்டம் போடுவாய், ஏன் என்று கூடுதல் மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி.